ஸ்டீயரிங் பக்கம்: பாலத்துல மாட்டற வண்டியும் டிரைவரோட கணக்கும்

இந்த தடவை வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தாங்க, தாழ்வான பாலத்துல லாரி இடிக்கறது, மாட்டிக்கறது. 31 வருஷம் ஹெவி ஓட்டினவன்ங்கறதால எனக்கும் இதுல சொல்ல நிறைய இருக்கு, அதனால இந்த இதழ் முழுக்க இதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் 19 வருஷமா ட்ரெய்லர் ஓட்டறார். போன மாசம் கன்டெய்னர் ஏத்திட்டு போனப்ப ரயில்வே பாலத்துக்கு அடியில மேல் பக்கம் இடிச்சு மாட்டிக்கிச்சு. அதே வழியில இதுக்கு முன்னாடி பத்து தடவையாவது கன்டெய்னரோட போயிருக்கார். குடிப்பழக்கமே கிடையாது. ஆனா ஊரே குடிச்சிட்டு ஓட்டினான், போன் பார்த்துட்டு ஓட்டினான்னு பேசுது. ஓனர் சம்பளத்துல மாசாமாசம் பிடிக்கறேன்னு சொல்லிட்டார். இவர் சரியா சாப்பிடறதே இல்ல. இது அவரோட கவனக்குறைவா?
(வாசகி, சங்ககிரி)

தங்கச்சி, நீங்க எழுதினதுல "அதே வழியில பத்து தடவை போயிருக்கார்"ங்கற அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமா பட்டுச்சு. வீட்டுக்காரர்கிட்ட நான் கேட்டேன்னு ஒண்ணு கேளுங்க, அன்னைக்கு ஏத்தின கன்டெய்னரோட பின்கதவுல நம்பருக்கு கீழ சின்னதா ஒரு குறியீடு இருந்திருக்கும், அது 42ஜி1ஆ, 45ஜி1ஆன்னு.

பாக்கறதுக்கு 40 அடி கன்டெய்னர் எல்லாம் ஒரே பெட்டி மாதிரிதான் இருக்கும், நீளமும் அகலமும் ஒண்ணுதான், ஆனா உயரத்துல ரெண்டு வகை இருக்கு. சாதாரண பெட்டி 8 அடி 6 இன்ச், ஹைக்யூப்னு சொல்றது 9 அடி 6 இன்ச். அந்த குறியீட்டுல ரெண்டாவது நம்பர் 2ன்னா சாதாரணம், 5ன்னா ஹைக்யூப். ட்ரெய்லர் தளம் தரையில இருந்து சுமார் 5 அடின்னு வச்சுக்கிட்டா ஒண்ணு பதிமூணரை அடி வரும், இன்னொண்ணு பதினாலரை அடி. அதாவது 4.1 மீட்டரும் 4.4 மீட்டரும். பாலத்துல 4.2 மீட்டர்னு போர்டு இருந்தா பத்து தடவை நல்லபடியா போயிட்டு பதினோராவது தடவை இடிக்கறதுக்கு வேற எந்த காரணமும் வேண்டாம்மா, பெட்டி மாறினா போதும். ஹைக்யூப் பெட்டியோட மேல் மூலையில மஞ்சளும் கருப்பும் பட்டை போட்டு உயரத்தையும் எழுதியிருப்பாங்க, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு யார்டுல வரிசையில நின்னு, பேப்பர வாங்கிட்டு, சீல் சரியா இருக்கான்னு பாத்துட்டு கிளம்பற மனுஷனுக்கு அதையும் பாருன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. கையில குடுக்கற பேப்பர்ல வெயிட்டத்தான் எல்லாரும் தேடறாங்க, உயரத்த வாய்விட்டு யாரும் சொல்றதில்ல. நான் ஓட்டின காலத்துலயும் ஏத்தினவங்க யாரும் எங்கிட்ட "அண்ணே இன்னைக்கு ஒரு அடி அதிகம்"னு சொன்னதா ஞாபகமே இல்ல.

அவர் மேல தப்பே இல்லன்னு நான் சொல்லமாட்டேன். போர்டு இருந்திருந்தா, சந்தேகம் இருந்திருந்தா நிறுத்தி இறங்கி பாத்திருக்கணும், அது டிரைவரோட வேலை. ஆனா குடிகாரன்னு பேசறது பாவம். வழி பழகினதுதான் அவர ஏமாத்தியிருக்கு, அனுபவஸ்தன்தான் இதுல அதிகம் மாட்டுவான், புதுப்பையன் பயந்து பயந்து இறங்கி பாப்பான்.

பணம் பிடிக்கற விஷயம். சேதத்துக்காக சம்பளத்துல கை வைக்கறதா இருந்தா முதல்ல தொழிலாளி பக்கத்து நியாயத்த கேக்கணும், அப்புறம்தான் பிடிக்கணும்னு சம்பளச் சட்டத்துலயே இருக்கு. வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கா, க்ளெய்ம் போட்டீங்களான்னு ஓனர்கிட்ட மரியாதையா கேக்கச் சொல்லுங்க. ஒத்துவரலன்னா தொழிலாளர் துறை ஆபீஸ்ல ஒரு மனு எழுதிக் குடுங்க. அதுக்கும் முன்னாடி, அவர பக்கத்துல உக்கார வச்சு இந்த பதில படிச்சு காட்டுங்க தங்கச்சி. 19 வருஷம் ஓட்டின கை அது, ஒரு நாள் இடிச்சதால அது கெட்டுப்போயிடாது.

கேள்வி: போர்டுல எல்லாம் மீட்டர்ல எழுதியிருக்கு, லோடு ஏத்தறவங்க அடியில பேசறாங்க. ஓட்டிட்டு போறப்ப மனசுல கணக்கு போட முடியல. ஏதாவது சுலப வழி இருக்கா அண்ணா?
(புது டிரைவர், கரூர்)

இருக்கு தம்பி, ஓட்டறப்ப கணக்கே போடாத. நாலு அளவு மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோ: மூணரை மீட்டர்னா பதினொன்றரை அடி, 4 மீட்டர்னா 13 அடிக்கு ஒரு இன்ச் கூட, நாலரைன்னா 15 அடிக்கு கொஞ்சம் கம்மி, அஞ்சரைன்னா 18 அடி. ஹைவேல பெரிய வண்டி அடியில போறதுக்குன்னு புதுசா கட்டற பாலத்துல அஞ்சரை மீட்டர் விடணும்னு விதி, அதனால பெரிய ரோட்ட விட்டு இறங்காத வரைக்கும் பெரும்பாலும் பயம் இல்ல. ஊருக்குள்ள நுழையறப்பதான் ஆபத்து ஆரம்பிக்குது, அதே ஹைவேக்கு அடியில கார், டிராக்டர் போறதுக்குன்னு கட்டின சின்ன சின்ன வழியும் இருக்கு, அதுல தெரியாம கூட திரும்பிடாத.

அப்புறம் உன் வண்டியோட உயரம். லோடு ஏத்தி, தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கி முடிச்சதுக்கு அப்புறம் அள. முன்னாடி அளந்தா வேலைக்கு ஆகாது, தார்ப்பாய் மடிப்பும் முடிச்சுமே நாலு இன்ச் சாப்பிடும். நான் ஒரு மூங்கில் கம்புல அரை அடிக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டு வண்டிக்கு அடியில கட்டியே வச்சிருந்தேன், இன்னொரு குச்சிய லோடு மேல குறுக்க நீட்டச் சொல்லிட்டு இந்த கம்ப நிறுத்தி பாத்தா அரை நிமிஷத்துல தெரிஞ்சிரும். தெரிஞ்ச அளவ அடியிலயும் மீட்டர்லயும் ஒரு அட்டையில எழுதி கண்ணாடிக்கு கீழ ஒட்டிடு, ஒவ்வொரு டிரிப்புக்கும் புது அட்டை. இங்கிலாந்துல 3 மீட்டருக்கு மேல போற வண்டின்னா கேபினுக்குள்ள டிரைவர் கண்ணுல படற மாதிரி உயரத்த எழுதி வைக்கறது சட்டம். அப்படி இருந்தும் அங்க ரயில் பாலத்த மட்டுமே வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல தடவை இடிக்கறாங்க, அப்ப எழுதியே வைக்காத நம்ம நிலைமைய யோசிச்சு பாரு.

போன்ல காட்டற மேப்ப இந்த விஷயத்துல நம்பாத. அது காருக்கும் பைக்குக்கும் சொல்ற வழி, உன் தலைக்கு மேல என்ன இருக்குன்னு அதுக்கு தெரியாது.

கேள்வி: லோடோட போறப்ப பாலத்துக்கு அடியில தாராளமா போச்சு, காலி பண்ணிட்டு திரும்பி வர்றப்ப அதே பாலத்துல கேபின் மேல இருக்கற கேரியர் இடிச்சிருச்சு. நான் சொன்னா யாரும் நம்பல. இது நடக்குமா?
(வாசகர், ஈரோடு)

நடக்கும், நான் நம்பறேன், எனக்கே நடந்திருக்கு. லோடு இருக்கறப்ப பட்டை ஸ்பிரிங் அமுங்கி டயரும் சப்புன்னு உக்காந்திருக்கும், சரக்க இறக்கின உடனே வண்டி மொத்தமா சில இன்ச் எழும்பிரும். போறப்ப ரெண்டு இன்ச் இடைவெளியில உரசாம போயிருப்பீங்க, அது தெரிஞ்சிருக்காது, வர்றப்ப அந்த ரெண்டு இன்ச் இல்ல.

போர்டு அளவுக்குள்ள இருந்தும் இடிக்கறதுக்கு இன்னும் ரெண்டு காரணமும் இருக்குங்க, இத டிரைவருங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு, நம்ம ஊர் பழைய ரயில்வே சப்வே எல்லாம் பள்ளமா இருக்கும். ரயில் தண்டவாளத்த ஏத்தி இறக்கறது லேசில்லங்கறதால ரோட்டத்தான் கீழ தோண்டி விட்டிருப்பாங்க, கோயமுத்தூர் லங்கா கார்னர்ல மழைக்கு தண்ணி நிக்கறது பேப்பர்ல வருமே, அந்த மாதிரி. ஒரு குழிவான தட்டுக்குள்ள ஸ்கேல குறுக்க வச்சு பாருங்க, ரெண்டு முனையும் தட்டுல தொடும், நடுப்பகுதி அந்தரத்துல நிக்கும். நீளமான ட்ரெய்லர் பள்ளத்துல இறங்கறப்ப இதேதான் ஆகுது, முன் சக்கரம் அந்தப்பக்க மேட்டுல ஏற ஆரம்பிச்சிருக்கும், பின் சக்கரம் இந்தப்பக்க சரிவுல இருக்கும், நடு வண்டி தரைய விட்டு தூக்கிக்கிட்டு பாலத்த தாங்கற கர்டர் உத்திரத்துல முட்டும். போர்டுல போட்ட அளவு நேரா நிக்கற சின்ன வண்டிக்கு சரி, 40 அடி வண்டிக்கு அதுல இருந்து கழிச்சுத்தான் எடுத்துக்கணும். வளைவா செங்கல்லுல கட்டின பாலம்னா இன்னும் கஷ்டம், நடுவுல மட்டும்தான் முழு உயரம் இருக்கும், எதிர்ல பைக்காரன் வந்தான்னு கொஞ்சம் ஓரம் ஒதுங்கினா மூலை இடிக்கும்.

இன்னொரு காரணம் ரோடு. பழைய தார சுரண்டாம அது மேலயே புதுசு போட்டுட்டு போறாங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு இன்ச், ரெண்டு இன்ச்னு தரை ஏறுது, பாலம் அங்கயேதான் இருக்கு, போர்டும் அதே பழைய நம்பர காட்டிட்டு நிக்குது. வீடு எல்லாம் ரோட்ட விட பள்ளமா போகுதுன்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டுதான் புதுசு போடணும்னு உத்தரவு போட்டார். வீட்டுக்காக போட்ட அந்த உத்தரவு பாலத்துக்கு அடியில போற எங்களுக்கும் உசுரு மாதிரி.

எனக்கு நடந்தத சொல்றேன். வைக்கோல் லோடு, போறப்ப ஒரு சப்வேல உரசாம போயிட்டேன், ரெண்டு மாசம் கழிச்சு அதே அளவு லோடு, அதே சப்வே, மேல் வரிசை கட்டு மொத்தமா சரிஞ்சு பின்னாடி வந்த ஒரு டிவிஎஸ் ஃபிப்டிக்காரர் மேல விழுந்துச்சு. வைக்கோலா இருந்ததால அந்த மனுஷன் எந்திரிச்சு தூசி தட்டிட்டு போனார். இரும்பா இருந்திருந்தாங்கற நினைப்பு எனக்கு இன்னைக்கும் ராத்திரியில வரும். இறங்கி பாத்தா புதுசா தார் போட்டிருந்தாங்க.

கேள்வி: அமெரிக்காவுல ஒரே பாலத்துல திரும்ப திரும்ப லாரி இடிக்கற வீடியோ பாத்தேன். லைட் எரியுது, சிக்னல் விழுது, அப்பவும் வந்து இடிக்கறாங்க. அவ்வளவு வசதி இருந்தும் ஏன்?
(கல்லூரி மாணவர், கோவை)

நீங்க பாத்தது வட கரோலினா மாநிலத்துல டர்ஹாம்ங்கற ஊர்ல இருக்கற ரயில் பாலம். ரொம்ப வருஷம் 11 அடி 8 இன்ச் உயரம்தான் இருந்துச்சு, அந்த அளவாலயே உலகம் பூரா பேர் வாங்கிடுச்சு. பாலம் சேதமாகக்கூடாதுன்னு முன்னாடி ஒரு கனமான இரும்பு உத்திரம் வச்சிருக்காங்க, இடிக்கறது எல்லாம் அதுலதான். உயரமான வண்டி வந்தா சென்சார் கண்டுபிடிச்சு போர்டு ஒளிரும், 2016ல சிக்னலும் வச்சு சிவப்பு விழற மாதிரி பண்ணாங்க. 2019ல தண்டவாளத்தையே 8 இன்ச் தூக்கி 12 அடி 4 இன்ச் ஆக்கினாங்க, அதுக்கு அப்புறமும் இடிச்சாங்க.

ரோட்ட ஏன் கீழ இறக்கலன்னா அடியில பெரிய சாக்கடை குழாய் போகுது. நம்ம ஊர்ல தோண்டினா தண்ணி நிக்குது, அங்க தோண்ட குழாய் விடல, ரெண்டு இடத்துலயும் பாலத்த சரி பண்றது அவ்வளவு லேசில்ல.

இடிக்கறது யார்னு கவனிச்சீங்களா? நிறைய வண்டி வாடகைக்கு எடுத்த பெட்டி லாரி. வீடு மாத்தறதுக்கு சாதாரண ஆளுங்க தானே ஓட்டிட்டு வர்றது, தினமும் கார் ஓட்டற பழக்கம், தலைக்கு மேல இன்னும் அஞ்சாறு அடி பெட்டி இருக்குன்னு உடம்புல பதிஞ்சிருக்காது. சிவப்பு விழுந்தா நிக்கறான், பச்சை விழுந்தா போறான், எதுக்காக நிறுத்தினாங்கன்னு புரியல. அதனால எச்சரிக்கை எத்தனை வச்சாலும், "என் வண்டி இத்தனை அடி"ங்கற நம்பர் ஓட்டறவன் மண்டையில இல்லன்னா அந்த லைட் என்ன சொல்லுதுன்னு அவனுக்கு தெரியப்போறதில்ல. மேல கரூர் தம்பிக்கு அட்டை ஒட்டச் சொன்னது இதுக்குத்தான்.

கேள்வி: மாட்டிக்கிட்டா முதல்ல என்ன பண்ணணும்? கூட்டம் கூடி ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.
(வாசகர், தர்மபுரி)

முதல்ல எதையும் இழுக்காதீங்க. முன்னாடி எடு, பின்னாடி எடுன்னு கத்துவாங்க, காதுல வாங்காம இன்ஜின ஆஃப் பண்ணிட்டு இறங்குங்க. மேல போறது ரயில் பாலம்னா உடனே 139க்கு போன் பண்ணி எந்த ஊர், எந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல, பாலத்துல நம்பர் எழுதியிருந்தா அந்த நம்பர், வண்டி இடிச்சிருக்குன்னு சொல்லுங்க, போலீசுக்கு 112. கர்டர் லேசா நகர்ந்தாலும் மேல தண்டவாளம் கோணிக்கும், அடுத்து வர்ற ரயில்ல ஆயிரம் பேர் இருப்பாங்க, அவங்களுக்கு கீழ நடந்தது தெரியாது. பயந்து வண்டிய விட்டுட்டு ஓடறவங்கள நான் பாத்திருக்கேன், பயம் எனக்கும் புரியுது, ஆனா ஓடறதுக்கு முன்னாடி அந்த ஒரு போன மட்டும் பண்ணிடுங்க, பண்ணிட்டா அப்புறம் ஓட வேண்டிய தேவையே இருக்காது.

வண்டிக்கு அடியிலயும் பாலத்துக்கு அடியிலயும் யாரையும் நிக்க விடாதீங்க. ரயில்வே ஆளுங்க வந்து பாத்துட்டு எடுக்கலாம்னு சொன்னதுக்கு அப்புறம் டயர்ல காத்த கொஞ்சம் கொஞ்சமா இறக்கினா வண்டி தாழும், வந்த வழியிலயே மெதுவா ரிவர்ஸ் எடுக்கணும். முன்னாடி எடுக்கவே கூடாது, இன்னும் இறுகிக்கும்.

கேள்வி: என் பையன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில, போர்வெல் போடற வண்டியில, ஹெல்பரா போறான். லோடு மேல ஏறி கரண்ட் கம்பிய கம்பால தூக்கி விடுவேன்னு பெருமையா சொல்றான். பயமா இருக்கு.
(வாசகி, எடப்பாடி)

உங்க பயம் சரியான பயம்மா, அவன இன்னைக்கே தடுத்துருங்க. மூங்கில் காஞ்சிருந்தாலும் உள்ள ஈரம் இருக்கும், பனி பேஞ்சா வெளியவும் ஈரம். ஊர் லைன்லயே நிறைய பசங்கள இப்படி இழந்திருக்கோம், அறுவடை மெஷின ஏத்திட்டு போற வண்டி, வைக்கோல் வண்டி, ரிக் வண்டி, எல்லாத்துலயும் மேல ஏத்தி விடறது வயசுல சின்னவனத்தான். ரயில்வே கேட்ல மேல போற கம்பியில 25,000 வோல்ட், அத தொடவே வேண்டாம், பக்கத்துல போனாலே தாவி அடிக்கும். கேட்டுக்கு முன்னாடி குறுக்க ஒரு இரும்பு தடுப்பு நிக்கும், அது வண்டி உயரத்த பாக்கறதுக்குத்தான் நிக்குது, அதுல இடிக்குதுன்னா அந்த கேட்ட தாண்டக்கூடாது, அவ்வளவுதான். ரிக்குல மாஸ்ட், அதாவது துளை போடறப்ப நிமித்தற கம்பம், முழுசா படுத்திருக்கான்னும், டிப்பர்னா ஜாக்கி இறங்கியிருக்கான்னும் கிளம்பறதுக்கு முன்னாடி இறங்கி ஒரு சுத்து சுத்தி பாக்கச் சொல்லுங்க, கண்ணாடியில பாத்தா தெரியாது.

கேள்வி: நான் மூணு வண்டி வச்சிருக்கேன். டிரைவர் பாலம் தாழ்வுன்னு 30 கிலோமீட்டர் சுத்திட்டு வந்து டீசல் கணக்கு கேக்கறார். இத எப்படி நம்பறது?
(லாரி உரிமையாளர், நாமக்கல்)

நம்பிட்டு குடுங்க ஐயா. அந்த டீசல கேக்க பயந்துதான் நிறைய பேர் "போயிரும்"னு உள்ள விடறாங்க. போர்டுக்கு முன்னாடி நிறுத்திட்டு, பின்னாடி நூறு ஹாரன் அடிக்க, ரிவர்ஸ் எடுத்து திரும்பறதுக்கு எவ்வளவு மனசு திடம் வேணும்னு ஓட்டினவனுக்குத்தான் தெரியும். உயரத்துக்கு மேல லோடு ஏத்தினா மோட்டார் வாகனச் சட்டத்துல 20,000 ரூபா அபராதம், சரக்க இறக்கற செலவும் சேத்து. ஓட்டறவர் மட்டும் இல்லாம ஓட்ட வச்சவர், ஓட்ட விட்டவர்னு சட்டம் உங்களையும் சேத்துத்தான் சொல்லுது. புக்கிங் எடுக்கறப்பவே லோடு உயரம் எத்தனை அடின்னு கேட்டு டிரைவருக்கு எழுதிக் குடுங்க, அப்புறம் பாருங்க.

கேள்வி: எங்க ஊர் சப்வேல உயர போர்டே இல்ல, போன வருஷம் ரோடு வேற போட்டாங்க. யார்கிட்ட சொல்றது?
(வாசகர், திருப்பத்தூர்)

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள் நடக்கும், அங்க மனு குடுங்க. ரோடு நெடுஞ்சாலைத் துறையா, நகராட்சியா, பாலம் ரயில்வேயான்னு நீங்க அலைய வேண்டாம், மூணு பேருக்கும் அனுப்பச் சொல்லி மனுவுலயே எழுதுங்க. போறதுக்கு முன்னாடி போக்குவரத்து இல்லாத நேரமா ரெண்டு பேர் போய், ரோட்டு நடுவுல, இடது ஓரம், வலது ஓரம்னு மூணு இடத்துல தரையில இருந்து கர்டர் வரைக்கும் அளந்து, டேப்போட போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. மூணுல எது கம்மியோ அந்த அளவ பெருசா எழுதி, பாலத்துல மட்டும் இல்லாம வண்டி திரும்பறதுக்கு இடம் இருக்கற முந்தின முக்குலயும் போர்டு வைக்கச் சொல்லி கேளுங்க. மனுவுக்கு ரசீது வாங்க மறந்துடாதீங்க, ரெண்டு மாசத்துல போர்டு வரலன்னா அந்த ரசீது நம்பரோட எனக்கு எழுதுங்க.